மகிழுந்துகளில் செயல்திறன் டயர், சக்கர அளவுத் தேர்வு

செயல்திறன் டயர், சக்கர அளவுத் தேர்வு என்பது, ஒரு விளையாட்டு மகிழுந்தின் தொழிற்சாலை டயர்களையும் சக்கரங்களையும் நீக்கி, கூடுதல் தரைப்பிடிப்பு, விரைவான திசைமாற்ற மறுமொழி ஆகியவற்றைக் கருதி வேறு அளவிலானவற்றைப் பொருத்தும்போது செய்யப்படும் கணக்கீடுகளையும் முடிவுகளையும் குறிக்கும். மகிழுந்தில் செய்யப்படும் மாற்றங்களுள் மிகுதியான பயன் தரக்கூடியது இதுவே ஆகும். பிழையாகச் செய்தால் மிகுதியான இடர் தரக்கூடியதும் இதுவே. பொறியின் ஆற்றல், நிறுத்தியின் விசை, திசைமாற்றியின் ஆணை ஆகிய அனைத்தும் உள்ளங்கை அளவுள்ள நான்கு ரப்பர் பரப்புகள் வழியாகவே சாலையைச் சென்றடைகின்றன.

இக்கட்டுரையில் மஸ்டா எம்எக்ஸ்-5 மகிழுந்தின் முதல் தலைமுறை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. மிகுதியாக மாற்றியமைக்கப்படும் இலகு விளையாட்டு மகிழுந்துகளுள் அது ஒன்று. அதன் அளவுகள் எளியவை. கணக்கிட்டுப் பார்க்க ஏற்றவை.

எடுத்துக்காட்டு வாகனம்

எம்எக்ஸ்-5, 1989 ஆம் ஆண்டு பெப்ரவரியில் சிக்காகோ தானுந்துக் கண்காட்சியில் அறிமுகமானது. 1.6 லீட்டர் பொறி, பின்சக்கர இயக்கம், ஏறத்தாழ 950 கிலோகிராம் எடை, முன்னும் பின்னும் ஏறக்குறைய சமமான எடைப்பகிர்வு ஆகியவை அதன் இயல்புகள். தொழிற்சாலையில் அதற்கு 14 அங்குல விட்டமும் 5.5 அங்குல அகலமும் கொண்ட சக்கரமும், 185/60 ஆர்14 அளவுள்ள டயரும் பொருத்தப்பட்டன. சக்கரம் நான்கு நட்டுகளால் 100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் இணைக்கப்படுகிறது. நடுத்துளையின் விட்டம் 54.1 மி.மீ., ஆஃப்செட் 45 மி.மீ.

1998 இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறையும் 2015 இல் வெளிவந்த நான்காம் தலைமுறையும் இதே நான்கு நட்டு அமைப்பைக் கொண்டவை. 2005 இல் வெளிவந்த மூன்றாம் தலைமுறை மட்டும் 114.3 மி.மீ. வட்டத்தில் ஐந்து நட்டுகளைக் கொண்டது. ஆகவே அதன் சக்கரங்கள் மற்றவற்றுக்குப் பொருந்தா. பழைய சக்கரங்களை விலைக்கு வாங்குவோர் இதில் ஏமாறுவது உண்டு.

டயர் அளவுக் குறியீடு

டயரின் பக்கச்சுவரில் 205/50 ஆர்15 86வி என்பது போன்ற குறியீடு பொறிக்கப்பட்டிருக்கும். 205 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். இது தரையைத் தொடும் பகுதியின் அகலம் அன்று. காற்றடைத்த டயரின் ஒரு பக்கச்சுவரிலிருந்து மறு பக்கச்சுவர் வரையுள்ள அகலம் ஆகும். 50 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பதைக் காட்டுகிறது. ஆர் என்பது ரேடியல் கட்டமைப்பு. 15 என்பது சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். ஒரே குறியீட்டில் மில்லிமீட்டர், விழுக்காடு, அங்குலம் ஆகிய மூன்றும் கலந்திருப்பது விந்தையே. எனினும் உலகெங்கும் இதுவே வழக்கு.

இறுதியில் வரும் 86 என்பது சுமைச் சுட்டெண். 82 எனில் ஒரு டயர் 475 கி.கி., 86 எனில் 530 கி.கி., 91 எனில் 615 கி.கி. தாங்கும். வி என்பது மணிக்கு 240 கி.மீ. வேகம் வரை தாங்கும் என்பதைக் குறிக்கிறது. எச் எனில் 210, டபிள்யூ எனில் 270. எம்எக்ஸ்-5 போன்ற இலகு வண்டியில் சுமைச் சுட்டெண் பெரும்பாலும் சிக்கலாவதில்லை. 82 சுட்டெண் கொண்ட நான்கு டயர்கள் சேர்ந்து 1,900 கி.கி. தாங்கும். ஆனால் எடை மிகுந்த வண்டிகளில் பக்கச்சுவரைக் குறைத்துக்கொண்டே போகும்போது சுட்டெண் தொழிற்சாலை அளவுக்குக் கீழே இறங்கிவிடக் கூடும். அப்படி இறங்கும் டயரைப் பொருத்தக் கூடாது.

மொத்த விட்டம்

சக்கரத்தின் விட்டத்தைக் கூட்டும்போது பக்கச்சுவரின் உயரத்தைக் குறைத்து, டயரின் மொத்த விட்டத்தை ஏறத்தாழ மாறாமல் வைத்திருப்பதே முதல் விதியாகும். கணக்கு எளிது. சக்கர விட்டத்தை 25.4 ஆல் பெருக்கி, பக்கச்சுவர் உயரத்தின் இரு மடங்கைக் கூட்ட வேண்டும். 185/60 ஆர்14 டயருக்குப் பக்கச்சுவர் 111 மி.மீ.; மொத்த விட்டம் 577.6 மி.மீ. இதனோடு வழக்கமாகத் தெரிவு செய்யப்படும் பிற அளவுகளை ஒப்பிடலாம்.

195/50 ஆர்15: 576.0 மி.மீ. (0.3% குறைவு)
205/50 ஆர்15: 586.0 மி.மீ. (1.5% கூடுதல்)
225/45 ஆர்15: 583.5 மி.மீ. (1.0% கூடுதல்)
205/45 ஆர்16: 590.9 மி.மீ. (2.3% கூடுதல்)
205/40 ஆர்17: 595.8 மி.மீ. (3.2% கூடுதல்)

இவை பெயரளவுக் கணக்குகள். ஒரே அளவு பொறிக்கப்பட்ட இரு நிறுவன டயர்கள் உண்மை விட்டத்திலும் அகலத்திலும் சில மில்லிமீட்டர் வேறுபடுவது இயல்பு. ஆகையால் இடம் மிக நெருக்கமாக இருப்பின் உற்பத்தியாளர் வெளியிடும் அளவு அட்டவணையைப் பார்க்க வேண்டும்.

விட்டம் கூடினால் இரண்டு விளைவுகள் உண்டு. முதலாவது, வேகமானி காட்டும் வேகத்தைவிட வண்டி விரைவாக ஓடும். ஐக்கிய நாடுகள் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 39 ஆம் விதிமுறைப்படி வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைவாக ஒருபோதும் காட்டக் கூடாது, கூடுதலாகக் காட்டலாம். தொழிற்சாலை வேகமானிகள் பொதுவாகச் சற்றுக் கூடுதலாகவே காட்டுவதால் சிறிய வேறுபாடு அதற்குள் அடங்கிவிடும். இரண்டாவது, பற்சக்கர விகிதம் நீண்டுவிட்டதற்கு ஒப்பான நிலை ஏற்படும். 2.3% பெரிய டயர், ஒவ்வொரு கியரிலும் சக்கரத்திலிருந்து தரைக்குக் கிடைக்கும் உந்துவிசையை ஏறக்குறைய அதே அளவு குறைக்கிறது. 120 குதிரைத்திறனை எட்டாத ஒரு வண்டியில் இது உணரத்தக்க இழப்பு. பெரிய சக்கரம் போட்டதும் வண்டி சோம்பிவிட்டது என்று ஓட்டுநர்கள் கூறுவதற்கு இது ஒரு காரணம். மற்றொரு காரணம் எடை.

சக்கர எடை

சக்கரம், டயர், பிரேக் ஆகியவை சுருள்வில்லால் தாங்கப்படாத நிறையைச் சேர்ந்தவை. இந்நிறை கூடும்போது, மேடுபள்ளத்தில் மேலெழும் சக்கரத்தை மீண்டும் தரையோடு சேர்ப்பது சுருள்வில்லுக்கும் அதிர்வுத்தாங்கிக்கும் கடினமாகிறது. சக்கரம் தரையை விட்டு அகலும் ஒவ்வொரு கணமும் பிடிப்பு இழப்பே.

மேலும் சக்கரம் சுழலவும் வேண்டும். டயரின் வெளி விளிம்பிலுள்ள நிறை, முடுக்கத்தின்போது வண்டியோடு முன்னேறுவதற்கும் அச்சைச் சுற்றிச் சுழல்வதற்கும் ஆற்றலைக் கேட்கிறது. ஆகவே விளிம்பில் கூடும் ஒரு கிலோகிராம், முடுக்கத்தில் ஏறத்தாழ இரண்டு கிலோகிராமாகக் கணக்கிடப்படும். ஒரு சக்கரத்துக்கு 3 கி.கி. விளிம்பில் கூடினால், நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து 24 கி.கி. சுமையை உள்ளே ஏற்றியதற்கு ஒப்பாகும்.

யப்பானின் ரேய்ஸ் நிறுவனம் 1996 இல் வெளியிட்ட டிஈ37 என்னும் சக்கரத்தின் பெயரிலேயே இந்த எடைக் கணக்கு இருக்கிறது. 15 அங்குல விட்டமும் 6 அங்குல அகலமும் உள்ள அச்சக்கரத்தின் எடை 3.7 கி.கி. என்பதை அந்த 37 குறிக்கிறது. அது அடித்து உருவாக்கப்பட்ட அலுமினியக் கலவைச் சக்கரம். வார்ப்புச் சக்கரங்கள் விலை குறைந்தவை. அதே வலிமைக்குக் கூடுதல் உலோகம் தேவைப்படுவதால் எடை மிகுந்தவை. வார்த்தபின் வெளி வளையத்தை மட்டும் சூட்டில் உருட்டி மெலிதாக்கும் முறை இரண்டுக்கும் இடைப்பட்டது. தோற்றத்தை மட்டும் படியெடுத்த போலிச் சக்கரங்களும் சந்தையில் உள்ளன. யப்பானில் சோதிக்கப்பட்டவற்றில் ஜேடபிள்யூஎல், விஐஏ ஆகிய முத்திரைகள் இருக்கும். எனினும் முத்திரையையும் போலியாக வார்க்க இயலும் என்பதால், சக்கரத்தை எங்கு வாங்குகிறோம் என்பதும் கருதத்தக்கது.

அகலமும் ஆஃப்செட்டும்

ஒவ்வொரு டயர் அளவுக்கும் பொருத்தத்தக்க சக்கர அகல எல்லை உண்டு. 195/50 ஆர்15 டயருக்கு 5.5 முதல் 7 அங்குலம் வரை. 205/50 ஆர்15 டயருக்கு 5.5 முதல் 7.5 வரை, 225/45 ஆர்15 டயருக்கு 7 முதல் 8.5 வரை. எல்லைக்குள் சற்று அகன்ற சக்கரத்தைத் தெரிவு செய்தால் பக்கச்சுவர் நிமிர்ந்து நின்று, திருப்பத்தில் குறைவாக மடங்கும்; திசைமாற்றியின் ஆணைக்கு விரைந்து இணங்கும். அரை அங்குலம் அகன்ற சக்கரத்தில் டயரின் அகலம் ஏறத்தாழ 5 மி.மீ. கூடும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 5.5 அங்குலச் சக்கரத்தில் 205 டயரைத் திணிப்பது விதிப்படி இயலும் என்றாலும் பயனற்றது. டயர் குமிழ் போல் உப்பி நின்று, வளைவில் தள்ளாடும்.

இதற்கு எதிர்த்துருவமாக, குறுகிய டயரை மிக அகன்ற சக்கரத்தில் இழுத்துப் பொருத்தும் வழக்கம் தோற்றம் கருதி ஒரு சாராரிடம் உள்ளது. சக்கர விளிம்பில் டயரின் விளிம்பு வடம் அமரும் கோணம் மாறிவிடுவதால், பள்ளத்தில் மோதும்போதோ வளைவில் பக்கவிசை ஏறும்போதோ டயர் விளிம்பைவிட்டுக் கழன்று, காற்று ஒரே கணத்தில் வெளியேறக் கூடும். செயல்திறன் நோக்கில் இதனால் எந்தப் பயனும் இல்லை.

ஆஃப்செட் என்பது சக்கரத்தின் அகலத்தினுடைய நடுக்கோட்டுக்கும், ஹப்பில் பொருந்தும் முகத்துக்கும் இடையேயுள்ள தொலைவு ஆகும். எண் குறைந்தால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். 14×5.5 அங்குல, ஆஃப்செட் 45 சக்கரத்தை நீக்கி 15×7 அங்குல, ஆஃப்செட் 35 சக்கரத்தைப் பொருத்துவதாகக் கொள்வோம். அகலத்தில் கூடியது 1.5 அங்குலம், அதாவது 38.1 மி.மீ.; அதில் பாதி 19.05 மி.மீ. ஒவ்வொரு பக்கமும் கூடுகிறது. ஆஃப்செட் 10 மி.மீ. குறைந்ததால் முழுச் சக்கரமும் வெளியே நகர்கிறது. ஆகவே வெளி விளிம்பு மட்கார்டை நோக்கி 29 மி.மீ. நெருங்கும், உள் விளிம்பு சஸ்பென்ஷனை நோக்கி 9 மி.மீ. நெருங்கும். இந்த இரு எண்களையும் கணக்கிடாமல் சக்கரம் வாங்குவோரே பின்னர் மட்கார்டின் உள்விளிம்பை மடிக்கவும் வெட்டவும் நேரிடுகிறது.

ஆஃப்செட்டை மிகவும் குறைப்பது வேறு தொல்லைகளையும் தரும். முன்சக்கரம் திரும்பும் அச்சு தரையைச் சந்திக்கும் புள்ளிக்கும், டயரின் நடுக்கோட்டுக்கும் இடையேயுள்ள தொலைவு மாறுகிறது. அதனால் சாலையின் ஒவ்வொரு பள்ளமும் திசைமாற்றியை உதைக்கும். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஈரத்தில் இருக்கும்போது பிரேக் பிடித்தால் வண்டி ஒரு புறம் இழுக்கும். ஹப் பேரிங்குக்கும் சுமை கூடும்.

நடுத்துளையும் நட்டும்

கடையில் கிடைக்கும் சக்கரங்களின் நடுத்துளை பல வண்டிகளுக்கும் பொருந்தும் வகையில் பெரிதாக இருக்கும். எம்எக்ஸ்-5 இன் ஹப் 54.1 மி.மீ.; ஹொண்டாவின் பல வண்டிகளில் அது 64.1 மி.மீ. எனவே ஹொண்டாவுக்கான சக்கரம் எம்எக்ஸ்-5 இல் ஏறும், ஆனால் மையத்தில் அமராது. இடைவெளியை நிரப்ப நெகிழி அல்லது அலுமினிய வளையம் இடப்படுகிறது. வளையம் சுமை தாங்குவதற்கன்று, சக்கரத்தை மையப்படுத்துவதற்கே. அது இல்லாவிடில் நெடுஞ்சாலை வேகத்தில் திசைமாற்றி அதிரலாம். எத்தனை முறை டயரைச் சமன் செய்தாலும் அந்த அதிர்வு நீங்காது.

நட்டின் அடிப்பகுதி வடிவமும் பொருந்த வேண்டும். கடைச் சக்கரங்கள் பெரும்பாலும் 60 பாகைக் கூம்பு வடிவ நட்டுக்கு ஏற்றவை. ஹொண்டாவின் தொழிற்சாலை நட்டுகள் கோள வடிவ அடி கொண்டவை. இவற்றை மாற்றிப் போட்டால் தொடும் பரப்பு மெல்லிய கோடாகச் சுருங்கி, நட்டு தானே தளரும். ஓடும் வண்டியிலிருந்து சக்கரம் கழன்று போகும் நேர்வுகளுக்கு இதுவும் ஒரு காரணம்.

அகன்ற டயர் ஏன் கூடுதலாகப் பிடிக்கிறது

அகன்ற டயர் தரையில் கூடுதல் பரப்பைத் தொடுவதால்தான் பிடிப்பு கூடுகிறது என்பது பரவலான கருத்து. இது பெருமளவு சரியன்று. தொடும் பரப்பு முதன்மையாகச் சுமையையும் காற்றழுத்தத்தையும் பொறுத்தது. ஒரு சக்கரத்தின் மீது 250 கி.கி. சுமையும் 180 கிலோபாஸ்கல் (26 பிஎஸ்ஐ) அழுத்தமும் இருப்பின் தொடும் பரப்பு ஏறத்தாழ 136 சதுர செ.மீ. பக்கச்சுவரின் விறைப்பைக் கருதாவிடில், டயர் 185 ஆனாலும் 225 ஆனாலும் இந்த எண் அதிகம் மாறுவதில்லை. மாறுவது வடிவம். குறுகிய டயரின் தடம் ஒடுங்கி நீண்டிருக்கும். அகன்ற டயரின் தடம் அகன்று குறுகியிருக்கும். குறுகிய நீளமுள்ள தடம் சிறிய நழுவல் கோணத்திலேயே உச்சப் பக்கவிசையை எட்டுகிறது. ரப்பர் குறைவாக உரசப்பட்டுக் குறைவாகச் சூடேறுகிறது. அகன்ற டயரில் குறைந்த அழுத்தத்தையும் மென்மையான ரப்பரையும் பயன்படுத்த இயல்வது மற்றொரு நன்மை.

ஆனால் இலகு வண்டியில் அகலத்துக்கு ஓர் எல்லை உண்டு. டயர் தன் வேலை வெப்பநிலையை எட்ட வேண்டும். சுமை குறைந்த அகன்ற டயர் எளிதில் சூடேறாது. மழையில், அகன்ற தடத்தின் கீழிருந்து நீர் வெளியேறக் கூடுதல் நேரம் வேண்டும்; இலகு வண்டி முன்னதாகவே நீர்ப்படலத்தின் மீது மிதக்கத் தொடங்கும். 1.6 லீட்டர் எம்எக்ஸ்-5 க்கு 195 அல்லது 205 போதுமானது. 225 டயரும் 8 அங்குலச் சக்கரமும் பொறியின் ஆற்றலைக் கூட்டியவர்களுக்கோ பந்தயத் தடத்தில் ஓட்டுபவர்களுக்கோ உரியவை. ஐக்கிய அமெரிக்காவில் இவ்வண்டிகளுக்கென்றே நடத்தப்படும் ஸ்பெக் மியாட்டா பந்தய வகுப்பிலும் 15×7 சக்கரமும் 205/50 ஆர்15 டயருமே வழக்கம்.

ரப்பர்க் கலவை

பிடிப்பைத் தீர்மானிப்பதில் அளவைவிடக் கலவையே முதன்மையானது. சரியான கலவையுள்ள 195 டயர், மலிவான 225 டயரை எளிதில் விஞ்சும். வாங்குவோர் பலர் சக்கரத்துக்குப் பணத்தைச் செலவிட்டுவிட்டு டயரில் சிக்கனம் பார்ப்பது நேர்மாறான செயல்.

ஐக்கிய அமெரிக்காவில் விற்கப்படும் டயர்களில் தேய்மானம், ஈரப்பிடிப்பு, வெப்பம் ஆகியவற்றுக்கான தர எண்கள் பொறிக்கப்படுகின்றன. தேய்மான எண் 100 என்பது அடிப்படை. 200 எனில் இரு மடங்கு உழைக்கும் என்பது பொருள். டெக்சாஸ் மாநிலத்தில் 400 மைல் சுற்றுப்பாதையில் 7,200 மைல் ஓட்டிப் பார்ப்பது சோதனை முறை. ஆயினும் இறுதி எண்ணை உற்பத்தியாளரே அறிவிக்கிறார். பல தொழில்முறை அல்லாத பந்தயங்களில் 200 க்குக் கீழான டயர்களுக்குத் தடை இருப்பதால், மிக மென்மையான டயர்களும் 200 என்னும் எண்ணைத் தாங்கி வருகின்றன. ஆகவே இந்த எண்ணை ஒரு நிறுவனத்தின் டயர்களுக்குள் ஒப்பிடவே பயன்படுத்தலாம்.

சாலைக்கான கோடைக்கால டயர்கள் பொதுவாக 300 அளவில் எண் கொண்டவை, மழையிலும் நம்பத்தக்கவை. 200 வகை டயர்கள் உலர்ந்த தடத்தில் சிறந்தவை. ஓசையும் தேய்மானமும் மிகுதி. டோயோ பிராக்சஸ் ஆர்888ஆர் போன்ற 100 எண் கொண்டவை சாலையில் ஓட்ட அனுமதி பெற்றிருந்தாலும், அவற்றின் பள்ளங்கள் குறைவு. மழை நாளில் அவற்றோடு நெடுஞ்சாலையில் செல்வது விவேகமன்று. கோடைக்காலக் கலவைகள் ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறுகிப் பிடிப்பை இழக்கின்றன. உறைபனி நிலையில் சில கலவைகள் விரிசல் விடும் என்பதால் அவற்றைக் குளிர்ந்த கொட்டகையில் வைக்க வேண்டாம் என்று உற்பத்தியாளர்களே எச்சரிக்கின்றனர்.

கூடுதல் பிடிப்பு எப்போதும் நோக்கமாவதில்லை. 2012 இல் வெளிவந்த டொயோட்டா 86, பல சந்தைகளில் 215/45 ஆர்17 அளவுள்ள மிச்செலின் பிரைமசி எச்பி டயருடன் விற்கப்பட்டது. இது டொயோட்டா பிரியசின் சில வகைகளிலும் பொருத்தப்பட்ட சிக்கன டயர். வண்டியின் எல்லையைச் சாலை வேகத்திலேயே ஓட்டுநர் உணர வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே அவ்வாறு செய்யப்பட்டது. பிடிப்பை உயர்த்தினால் எல்லையும் உயரும். எல்லையைக் கடக்கும்போது வேகமும் கூடுதலாக இருக்கும்.

முன்பின் அளவு வேறுபாடு

எம்எக்ஸ்-5 நான்கு சக்கரங்களிலும் ஒரே அளவைக் கொண்டது. அவ்வாறே வைத்திருப்பது நன்று. 1999 முதல் 2009 வரை உற்பத்தியான ஹொண்டா எஸ்2000 இதற்கு மாறானது. அதன் முதல் வடிவில் முன்னே 205/55 ஆர்16, பின்னே 225/50 ஆர்16 டயர்கள். பிந்தைய வடிவில் முன்னே 215/45 ஆர்17, பின்னே 245/40 ஆர்17. பின்புறம் நழுவாதிருக்கவே இவ்வேறுபாடு வைக்கப்பட்டது. சஸ்பென்ஷனைச் சரிசெய்யாமல் நான்கிலும் ஒரே அளவைப் பொருத்தினால் முன்பக்கப் பிடிப்பு கூடி, திருப்பத்தில் பின்புறம் சுழன்று வரும் போக்கு வலுக்கும். முன்னே புதிய டயர், பின்னே தேய்ந்த டயர் என்னும் நிலையும் இதே விளைவைத் தரும், குறிப்பாக மழையில்.

சட்ட நிலை

செருமனியில் பதிவு ஆவணங்களிலோ ஒப்புதல் சான்றிலோ இல்லாத சக்கர அளவைப் பொருத்தினால் வாகனத்தின் இயக்க அனுமதியே இழக்கப்படலாம். டியூஃப் போன்ற ஆய்வு அமைப்பிடம் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். யப்பானில் சக்கரம் மட்கார்டுக்கு வெளியே துருத்தக் கூடாது. 2017 முதல் டயரின் பகுதி மட்டும் 10 மி.மீ. க்குக் குறைவாக வெளித்தெரிய இடமளிக்கப்பட்டுள்ளது. பிற நாடுகளில் காப்பீட்டு நிறுவனத்துக்கு அறிவிக்காத மாற்றம், விபத்துக்குப் பின் இழப்பீடு மறுக்கப்படுவதற்குக் காரணமாகலாம்.

பொருத்துதலும் சரிபார்ப்பும்

பழைய டயர்களை வாங்கும்போது பக்கச்சுவரில் டிஓடி என்னும் எழுத்துகளைத் தொடர்ந்து வரும் கடைசி நான்கு இலக்கங்களைப் பார்க்க வேண்டும். 2319 எனில் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்தில் உற்பத்தியானது. பள்ளம் ஆழமாக இருந்தாலும், ஆண்டுகள் கடந்த செயல்திறன் டயரின் ரப்பர் இறுகியிருக்கும்.

நான்கு டயர்களையும் வாங்குமுன் ஒரு சக்கரத்தை மட்டும் பொருத்திப் பார்ப்பது நல்லது. பிரேக் காலிப்பருக்கும் சக்கரத்தின் உட்புறத்துக்கும் இடைவெளி உள்ளதா, திசைமாற்றியை இரு பக்கமும் முழுமையாகத் திருப்பும்போது உரசுகிறதா, இருக்கைகளில் ஆட்கள் அமர்ந்த நிலையில் பின்மட்கார்டு இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். உயரம் குறைக்கப்பட்ட வண்டியாயின் சஸ்பென்ஷன் முழுமையாக அமுங்கிய நிலையிலும் சோதிக்க வேண்டும். சக்கரங்களின் சாய்வும் திசையும் மீண்டும் சீரமைக்கப்பட வேண்டும்.

காற்றழுத்தம் தொழிற்சாலை அளவிலிருந்து தொடங்கப்படுகிறது. டயரின் தோளில் சுண்ணாம்புக் கட்டியால் கோடிட்டு, வளைவுகளில் ஓட்டியபின் கோடு எதுவரை அழிந்துள்ளது என்று பார்ப்பது பழைய, செலவற்ற முறை. பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் அழுத்தம் போதாது. தோளையே எட்டாவிடில் அழுத்தம் மிகுதி. வெப்பநிலை 5 முதல் 6 பாகை செல்சியசு உயரும்போது அழுத்தம் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ உயர்வதால், குளிர்ந்த நிலை அளவையும் சூடான நிலை அளவையும் தனித்தனியே குறித்துவைப்பர்.

நட்டுகள் முறுக்குவிசைத் திறவியால், எதிரெதிர் வரிசையில் முறுக்கப்பட வேண்டும். புதிய அலாய் சக்கரங்களின் இருக்கைப் பகுதி தொடக்கத்தில் சற்று அமுங்குவதால், முதல் 80 முதல் 100 கி.மீ. ஓட்டத்துக்குப் பின் அனைத்து நட்டுகளும் மீண்டும் அதே அளவுக்கு முறுக்கிச் சரிபார்க்கப்படுகின்றன.